ராத்திரி ஒரு மணிக்கு பிரிகேட் ரோட்டிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது?

அல்சூர்வாசி · ஞாயிறு காலை 9:40

நேற்று ராத்திரி பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. மணி 12:50. பெங்களூரில் சர்ச் ஸ்ட்ரீட் வந்து பிரிகேட் ரோட்டில் சேரும் முனையில் நின்றிருந்தேன். ஊரிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற நேரம். எதிரே ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடியே நிற்கிறது. அதற்கு முன்னால் இரண்டு வரிசை ஆட்டோ, அதற்கும் முன்னால் நாலு கேப், நாலுமே இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டு நடு ரோட்டில். ஒவ்வொரு டிரைவரும் போனில் "எங்க சார் இருக்கீங்க, நான் வந்துட்டேன்" என்கிறார். சார் இருபதடி தள்ளித்தான் நிற்கிறார், ஆனால் நடுவில் முந்நூறு பேர். பிளாட்பாரத்தில் பைக் நிறுத்தியிருப்பதால் ஜனம் மொத்தமும் ரோட்டில் நடக்கிறது, ஜனம் ரோட்டில் நடப்பதால் வண்டி நகரவில்லை. அந்த ஆம்புலன்ஸ் எம்.ஜி. ரோடு சிக்னல் வரை போக ஏழு நிமிடம் ஆனது. கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே யார் இருந்தார்களோ.

இருபது வருடமாக அல்சூரில் இருக்கிறேன், இந்தத் தெருக்கள் என் சொந்தத் தெரு மாதிரி. என் ஆதங்கம் இதுதான். டிசம்பர் 31 அன்று இதே இடத்தை எவ்வளவு அழகாகக் கையாளுகிறார்கள்! ராத்திரி 8 மணியிலிருந்து எம்.ஜி. ரோட்டில் அனில் கும்ப்ளே சர்க்கிள் முதல் மேயோ ஹால் வரை வண்டி கிடையாது. பிரிகேட் ரோட்டில் காவேரி எம்போரியம் முனையிலிருந்து ஓபரா ஹவுஸ் ஜங்ஷன் வரை கிடையாது. சர்ச் ஸ்ட்ரீட், மியூசியம் ரோடு, ரெஸ்ட் ஹவுஸ் ரோடு எல்லாம் அடைப்பு. பிரிகேட் ரோட்டில் நடப்பவர்களுக்குக்கூட ஒன்வே. எம்.ஜி. ரோட்டுப் பக்கம் நுழைந்தால் ஓபரா ஹவுஸ் பக்கம்தான் வெளியே வர வேண்டும், திரும்பி நடக்க விடமாட்டார்கள். மெட்ரோ நள்ளிரவு தாண்டியும் ஓடுகிறது. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. வருடத்தில் ஒரு ராத்திரி செய்வதை மற்ற வாரக் கடைசிகளில் கொஞ்சமாவது செய்யக் கூடாதா? யாருக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.

---

கிச்சன்_ஷிப்ட் · ஞாயிறு காலை 11:15

நான் சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பப் கிச்சனில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். நீங்கள் வெளியே நின்று பார்த்ததை உள்ளேயிருந்து சொல்கிறேன்.

12:15க்கு கடைசி ஆர்டர். 12:30க்கு பில்லை மேஜையில் வைத்துவிடுவோம். 12:45க்கு பாட்டு நின்று லைட் எரியும். ஒரு மணிக்குள் ஷட்டர் பாதி இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் போலீசின் ஹோய்சலா ரோந்து வண்டி வாசலில் வந்து நிற்கும். இது எங்கள் கடையில் மட்டும் இல்லை, தெரு முழுக்க இதே கடிகாரம்தான். 2024 ஆகஸ்டில் நகரம் முழுக்க ஒரு மணி வரை என்று உத்தரவு வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே நேரம். ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த கூட்டம், இருபது நிமிடத்தில் மொத்தமாக ரோட்டில் இறங்குகிறது. மாடியில் இருக்கிற கடைகளுக்குப் படிக்கட்டு ஒன்றுதான், அதில் நாலு பேர் உட்கார்ந்து செருப்பு வார் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாத்திரம் கழுவி, அடுப்பு துடைத்து, தரை கழுவி நாங்கள் வெளியே வர 2:15 ஆகும். பஸ் இல்லை, மெட்ரோ இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசிப் போவோம், இல்லையென்றால் நடை. இந்த ஏரியாவின் ராத்திரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடிக்க வந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவர்களுக்குப் பரிமாறுகிறவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும்.

---

மீட்டர்_போடு · ஞாயிறு மதியம் 1:05

அண்ணா, நான் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆஸ்டின் டவுன். பதினெட்டு வருடமாக ராத்திரி வண்டி. நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிசையில் நானும் நின்றிருக்கலாம், அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஏன் முனையிலேயே நிற்கிறோம்? அங்கே நின்றால்தான் சவாரி. தள்ளிப் போய் மேயோ ஹால் பக்கம் நின்றால் ஆள் அங்கே வருவதற்குள் வழியில் வேறு வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தால் நானும் தள்ளி நிற்பேன். ஒருத்தன் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவனுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் மீட்டர் விஷயம். 2025 ஆகஸ்ட் முதல் கணக்கு இது: முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18. ராத்திரி 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. ஒயிட்ஃபீல்டு பக்கம் 16 கிலோமீட்டர் என்று வையுங்கள், 288 ரூபாய், ஒன்றரை மடங்கு போட்டால் 432. ஜனம் என்ன நினைக்கிறது என்றால், 432 நல்ல காசுதானே, ஏன் 700 கேட்கிறான் என்று. ஒயிட்ஃபீல்டில் இறக்கிவிட்டால் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அங்கிருந்து திரும்பி வர சவாரி கிடையாது. 16 கிலோமீட்டர் காலியாக வர வேண்டும். வந்து சேர்ந்தால் இங்கே கூட்டம் கலைந்திருக்கும். அதாவது அந்த ராத்திரிக்கு ஒரே சவாரிதான். அதிகம் கேட்பது சரி என்று சொல்ல வரவில்லை, காரணம் இதுதான் என்கிறேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு சவாரி, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று கூட்டம் பிரிந்து வந்தால் நான் மீட்டரே போடுவேன். மூன்று சவாரி கிடைக்கும் அல்லவா.

சிட்டி ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிற மாதிரி ஒரு பிரீபெய்ட் கவுண்டர், ஒரு வரிசை, ஒரு ஹோம் கார்டு. வெள்ளி, சனி ராத்திரி மட்டும். அது போதும் எங்களுக்கு.

---

ரிச்மண்ட்_டவுன்_அம்மா · ஞாயிறு மாலை 4:30

எல்லோரும் வருகிறவர்களைப் பற்றியும் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் எழுதுகிறீர்கள், இங்கே குடியிருப்பவர்கள் இருக்கிறோம். எனக்கு வயது 67. என் வீட்டு கேட் முன்னால் சனிக்கிழமை தோறும் ஒரு கார் நிற்கும், கண்ணாடியில் போன் நம்பரும் இருக்காது. போன மாதம் என் வீட்டுக்காரருக்கு ராத்திரி மூச்சு முட்டியது, எங்கள் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். காலையில் சுவரோரம் சிறுநீர் நாற்றம், உடைந்த பாட்டில். ஒரு மணி வரை திறந்து வைக்கச் சொன்னவர்கள் ஒரு கழிப்பறையாவது ஒரு மணி வரை திறந்து வைத்தார்களா?

என்னைக் கேட்டால் பதினோரு மணிக்கு மூடட்டும். மெட்ரோ ஓடும்போதே எல்லோரும் போய்ச் சேரட்டும்.

---

அல்சூர்வாசி · ஞாயிறு மாலை 6:10

அம்மா, உங்கள் கோபம் நியாயம். கேட்டை மறித்த வண்டியை ராத்திரியிலேயே டோ பண்ண வேண்டும், காலையில் இல்லை. இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. கழிப்பறையும் அப்படித்தான்.

ஆனால் பதினோரு மணிக்கு மூடினால் பிரச்சினை தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே கூட்டம் இதே இருபது நிமிடத்தில் இதே முனையில் இறங்கும், ஒரு மணிக்குப் பதில் பதினோரு மணிக்கு. நீங்கள் சொன்ன இரண்டாவது வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெட்ரோ பதினொன்றரை சுமாருக்குப் படுத்துவிடுகிறது, கடை ஒரு மணிக்கு மூடுகிறது. நடுவில் ஒன்றரை மணி நேரம் ஓட்டை. பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரை முழுசாக ஓடுகிறது, ஆட்டோ அண்ணன் சொன்ன அந்த 16 கிலோமீட்டருக்கு மேலேயே தண்டவாளம் இருக்கிறது. இருந்தும் வேண்டிய நேரத்தில் ரயில் இல்லை.

---

தண்டவாளம்_தாண்டி · ஞாயிறு இரவு 8:00

மெட்ரோவை ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. நம்ம மெட்ரோ மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசி மின்சாரம் எடுத்து ஓடுகிறது. தண்டவாளம் சரிபார்க்க, சிக்னல் பார்க்க, ஆட்கள் கீழே இறங்க வேண்டுமென்றால் அந்த மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். தினமும் ராத்திரி கிடைக்கிற நாலைந்து மணி நேரம்தான் அதற்கு. அதனால் எல்லா நாளும் விடிய விடிய என்பது நடக்காது.

ஆனால் வாரத்தில் இரண்டு ராத்திரி ஒன்றரை மணி வரை என்றால் நடக்கும். ஐ.பி.எல். மேட்ச் இருக்கிற நாட்களில் சின்னசாமி ஸ்டேடியத்துக்காகக் கடைசி ரயிலைத் தள்ளி வைக்கிறார்கள்தானே. புத்தாண்டு ராத்திரி எம்.ஜி. ரோடு ஸ்டேஷனை மட்டும் மூடிவிட்டு டிரினிட்டிக்கும் கப்பன் பார்க்குக்கும் நடக்கச் சொல்கிறார்களே, அது ரொம்ப யோசித்துச் செய்த வேலை. கூட்டம் ஒரே படிக்கட்டில் விழாமல் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் நடக்கிறது. நடக்கும்போதே மெலிகிறது. 50 ரூபாய் பேப்பர் டிக்கெட்டை முன்னாலேயே விற்பதால் கவுண்டரில் முட்டிமோதல் இல்லை. லண்டனில் 2016 ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி ராத்திரி மட்டும் சில லைன்களில் ரயில் விடிய விடிய ஓடுகிறது. மற்ற ஐந்து ராத்திரி பராமரிப்புக்கு. ஆக, ரெண்டையும் சேர்த்துச் செய்ய வழி உண்டு.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். காமராஜ் ரோட்டில் 2019இல் தோண்ட ஆரம்பித்த பிங்க் லைன் ஸ்டேஷன் திறந்துவிட்டால் எம்.ஜி. ரோடு இரண்டு லைன் சந்திக்கிற இடம் ஆகிவிடும். பன்னர்கட்டா ரோட்டுக் கூட்டமும் நாகவாரா கூட்டமும் இங்கேதான் இறங்கும். இப்போதுள்ள ரோட்டோரப் பிளாட்பாரத்தில் அதைத் தாங்க முடியாது.

---

பாதை_அளப்பவன் · ஞாயிறு இரவு 9:25

கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியர். பிளாட்பாரம் என்று மேலே சொன்னதால் ஒரு சின்னக் கணக்கு.

பிரிட்டனில் ஸ்டேடியங்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு இருக்கிறது. சமதளப் பாதையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்தில் 82 பேர் போகலாம் என்று அதில் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டென்றால் 66. எல்லோரும் ஒரே பக்கம் நடந்தால் கிடைக்கிற கணக்கு இது. மூன்று மீட்டர் பிளாட்பாரம் என்று வையுங்கள், நிமிடத்துக்கு 246 பேர். அதில் ஒன்றரை மீட்டரை பைக்கும் மோமோ தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டால் 123. கிச்சன் தோழர் சொல்கிற இருபது நிமிடத்தில் ஒரு பிளாட்பாரம் வழியாக 4,000 பேர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 200. மூன்று மீட்டரும் காலியாக இருந்தால் நிம்மதியாகப் போய்விடுவார்கள், ஒன்றரை மீட்டர் என்றால் மீதி 77 பேர் ஒவ்வொரு நிமிடமும் ரோட்டில் இறங்கியே ஆக வேண்டும். குடிகாரர்கள் ஒழுங்கில்லாமல் ரோட்டில் நடக்கிறார்கள் என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள். இடம் இல்லாததால்தான் இறங்குகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, எந்தப் புது ரோடும் போட வேண்டாம், பைக்கை எடுங்கள். வெள்ளி, சனி ராத்திரி 9 மணிக்கு மேல் பிளாட்பாரத்தில் ஒரு பைக்கும் நிற்கக் கூடாது. தள்ளுவண்டிக்காரரைத் துரத்தச் சொல்லவில்லை, ரெஸ்ட் ஹவுஸ் ரோடு மாதிரி ஒரு தெருவை அவர்களுக்குக் கொடுங்கள். ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிட ஏதாவது இருந்தால் ஜனம் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகும், அதுவும் கூட்டத்தைப் பிரிக்கிற வேலைதான்.

---

இதேவோன்_பக்கம் · திங்கள் காலை 6:50

சியோலில் படிக்கிறேன். மேலே உள்ள கணக்கைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. 2022 அக்டோபர் 29 ராத்திரி இங்கே இதேவோன் பகுதியில் ஹாலோவீன் விழாவுக்குக் கூடிய கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலால் மொத்தம் 159 பேர் இறந்தார்கள். அந்தச் சந்து என் அறையிலிருந்து நாலு ஸ்டேஷன் தள்ளி. இப்போது போய் நின்றால் இவ்வளவு சின்ன இடத்திலா என்று நம்ப முடியாது. ஹாமில்டன் ஹோட்டல் ஓரமாக, குறுகலான இடத்தில் 3.2 மீட்டர் அகலம், நாற்பது மீட்டர் சுமார் நீளம், அதுவும் சரிவு. கீழே மெட்ரோ ஸ்டேஷன், மேலே பார்கள் இருக்கிற தெரு. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் ஏறினார்கள், வீட்டுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். இரண்டும் நடுவில் முட்டியது.

நெஞ்சு அடைக்கிற விஷயம் என்னவென்றால், நெரிசல் உச்சத்துக்குப் போனது ராத்திரி பத்தே காலுக்கு, முதல் போன் போலீசுக்கு வந்தது 6:34க்கு. "இங்கே மிதிபட்டுச் சாவார்கள் போலிருக்கிறது" என்கிற பொருளில் ஒருவர் சொல்லியிருக்கிறார். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போகட்டும் என்ற முடிவை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ரயிலும் இன்னும் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியது. அந்த விழாவுக்கு அமைப்பாளர் என்று யாரும் இல்லை, அதனால் பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

பிரிகேட் ரோட்டுச் சனிக்கிழமைக்கும் அமைப்பாளர் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். இப்போது இங்கே ஹாலோவீன் வந்தால் தெரு நடுவில் தடுப்பு வைத்து வலப்பக்கம் ஏற, இடப்பக்கம் இறங்க என்று பிரித்துவிடுகிறார்கள். கேமரா வழியாக அடர்த்தி பார்க்கிறார்கள். சதுர மீட்டருக்கு நாலு பேர் வரை நம் காலில் நாம் நடக்கலாம். ஐந்து, ஆறு ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் அசைந்தால் நாமும் அசைவோம். ஏழைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் மாதிரி, அலை வந்து தள்ளும், யாரும் யாரையும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சு விட இடமில்லாமல் போனவர்கள்.

---

கப்பன்_பார்க்_நடை · திங்கள் காலை 8:15

கலைவதுதான் சிக்கல் என்று இழை முழுக்க வருகிறது, நான் கொஞ்சம் மறுக்கிறேன். 2025 ஜூன் 4 அன்று ஆர்.சி.பி. வெற்றிக் கொண்டாட்டத்தில் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் 11 பேர் இறந்தார்களே, அது உள்ளே நுழைகிற நெரிசல். சாயங்கால வெளிச்சத்தில், எம்.ஜி. ரோடு முடிகிற இடத்தில். ஸ்டேடியத்தில் சுமார் 35,000 பேருக்குத்தான் இடம், வந்தது லட்சக்கணக்கில். நம் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணும் அதில் போய்விட்டார். ஆகவே வருகிற பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

---

அல்சூர்வாசி · திங்கள் காலை 8:50

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே வாயில் முட்டக் கூடாது, எவ்வளவு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதை யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கலைவது. சியோலிலிருந்து எழுதியவருக்கு நன்றி. 6:34 என்பது மனதை விட்டுப் போக மறுக்கிறது. நம் ஊரில் பிரிகேட் ரோட்டில் நின்றுகொண்டு 112க்கு அடித்து "இங்கே கூட்டம் அதிகமாகிறது" என்று சொன்னால் அதை ஒரு புகாராக எடுத்துக்கொள்வார்களா? அடிதடி என்றால் வருவார்கள். கூட்டம் என்றால்?

---

தேக்கா_பக்கம் · திங்கள் மதியம் 12:40

சிங்கப்பூரிலிருந்து. லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்த கலவரத்தை எல்லோரும் குடியோடு சேர்த்தே பேசுகிறார்கள். அது தொடங்கிய இடம் எது என்று பாருங்கள். வீட்டுக்குப் போகும் பஸ். வாரம் பூராவும் உழைத்துவிட்டு ஞாயிறு அன்று தேக்கா வந்து, காய்கறி வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களைப் பார்த்துவிட்டு, ராத்திரி டார்மிட்டரிக்குத் திரும்ப ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் தனியார் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அப்படியொரு பஸ்ஸில் அடிபட்டுத்தான் ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். அதன் பிறகு வந்த மாற்றங்களில் வெளியே பேசப்பட்டது மதுக் கட்டுப்பாடு. 2015 ஏப்ரலிலிருந்து தீவு முழுக்க ராத்திரி 10:30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது, லிட்டில் இந்தியாவில் வாரக் கடைசியில் இன்னும் கடுமை.

என் அனுபவத்தில் மனிதர்களைச் சாந்தமாக வைத்திருப்பது வரிசை எங்கே தொடங்குகிறது, அடுத்த பஸ் எப்போது என்று தெரிவதுதான். அது தெரிந்தால் ஐந்நூறு பேரும் அமைதியாக நிற்பார்கள். தெரியவில்லையென்றால் ஐம்பது பேருக்கே பதற்றம் வந்துவிடும்.

---

மெரினா_காற்று · திங்கள் மாலை 5:20

சென்னையில் 2024 அக்டோபர் 6, மெரினா விமான சாகசம். அது பகல், மதியம் ஒரு மணிக்கு முடிந்தது, ஆனால் நீங்கள் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. லட்சக்கணக்கான பேர் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள், வெயிலில் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். வேளச்சேரி, சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்களில் கால் வைக்க இடமில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். வரவேற்பதற்குச் செய்கிற ஏற்பாட்டில் கால்வாசியையாவது அனுப்பிவைப்பதற்குச் செய்திருக்கலாம். விருந்துக்குக் கூப்பிட்டால் வாசல் வரை வந்து வழியனுப்புவது நம் வீட்டுப் பழக்கம்தானே.

---

ஜன்னல்_சீட் · திங்கள் இரவு 9:10

ராத்திரி இங்கே வந்து போகிற பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். 2016 டிசம்பர் 31 ராத்திரி எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோட்டில் நடந்ததை இந்த ஊர்ப் பெண்கள் யாரும் மறக்கவில்லை. கூட்டத்துக்குள் கை நீட்டியவன் யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட இடம் இல்லாத நெரிசல். அடர்த்திதான் அவர்களுக்கு முகமூடி. அதனால் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்பது எங்களுக்கு வெறும் இன்ஜினியரிங் கணக்கு இல்லை.

அதே சமயம் ஆளே இல்லாத தெருவும் எங்களுக்கு வேண்டாம். வண்டியை மேயோ ஹாலுக்குத் தள்ளி வையுங்கள் என்கிறீர்கள், சரி, ஆனால் அங்கே போகிற வழி முழுக்க வெளிச்சம் வேண்டும், வழியில் ஒரு டீக்கடையாவது திறந்திருக்க வேண்டும், சீருடையில் ஒரு பெண் நிற்க வேண்டும். 2020 நவம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டை வாரக் கடைசியில் வண்டி இல்லாத தெருவாக்கிச் சில மாதம் வைத்திருந்தார்களே, அப்போது நானும் என் தோழியும் ராத்திரி அங்கே கல் பாவிய தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் குழந்தைகளோடு குடும்பங்கள். ஒரு தாத்தா புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். பயம் என்ற நினைப்பே வரவில்லை. நடக்க இடம் இருந்தது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை ஏன் விட்டார்கள் என்று இன்றுவரை எனக்கு வருத்தம்.

இன்னொன்று, காரில் ஏறும்போது வண்டி நம்பர் பார்த்து ஏறச் சொல்கிறோம். அந்த நெரிசலில் நம்பர் பிளேட்டே தெரியாது. ஒரே மாதிரி பத்து வெள்ளை வண்டி. ஏ, பி, சி என்று கம்பம் நட்டு "பி கம்பத்தில் ஏறுங்கள்" என்று ஆப்பிலேயே காட்டச் செய்ய முடியாதா? ஏர்போர்ட்டில் செய்கிறார்கள்.

---

ரிச்மண்ட்_டவுன்_அம்மா · திங்கள் இரவு 9:55

இந்தப் பெண் எழுதியதைப் படித்துவிட்டு என் பேத்தியிடம் கேட்டேன். அவளும் இதையேதான் சொல்கிறாள். சரி, பதினோரு மணி என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் மூன்று நிபந்தனை. கேட்டை மறித்தால் அன்றைக்கே வண்டியை இழுக்க வேண்டும். கழிப்பறை இரண்டு மணி வரை. எங்கள் தெருக்களுக்குள் ஆப் வண்டி வரக் கூடாது, குடியிருப்பவர் வண்டி மட்டும். இதை எழுதிக் கொடுத்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன், எங்கள் தெருவில் இன்னும் ஒன்பது வீட்டில் வாங்கித் தருகிறேன்.

---

கிச்சன்_ஷிப்ட் · செவ்வாய் அதிகாலை 2:40

இப்போதுதான் அறைக்கு வந்தேன், அம்மா எழுதியதைப் பார்த்து சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் ஒன்று செய்ய முடியும் என்று முதலாளியிடம் பேசினேன். ஒரு மணி கடைசி என்பதை மாற்ற முடியாது. ஆனால் பன்னிரண்டேகாலுக்கு மதுவை நிறுத்திவிட்டு ஒரு மணி வரை சாப்பாடும் டீயும் கொடுக்கலாம், பாட்டை நிறுத்தாமல் குறைக்கலாம். பாட்டு சட்டென்று நின்றால் எல்லோரும் சட்டென்று எழுந்துவிடுகிறார்கள். மெல்லக் குறைத்தால் மேஜை மேஜையாகக் கிளம்புவார்கள். அவர் "பக்கத்துக் கடைக்காரரும் செய்தால் நானும் செய்கிறேன்" என்றார். ஆட்டோ அண்ணன் சொன்ன அதே பதில்.

டோக்கியோவில் 2013இல் ஷிபுயா கிராசிங்கில் கால்பந்துக் கூட்டத்தை ஒரு போலீஸ்காரர் வேன் மேல் நின்று மைக்கில் நட்பாகப் பேசிப் பேசியே கலைத்தாராம், டி.ஜே. போலீஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஓபரா ஹவுஸ் முனையில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் அப்படி ஒருவர் பேசினால் எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். லத்தியைத் தட்டினால் ஓடுகிறார்கள், ஓடினால் விழுகிறார்கள்.

---

அல்சூர்வாசி · செவ்வாய் காலை 10:30

எல்லாவற்றையும் ஒரு மனுவாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். டிராஃபிக் போலீசுக்கு ஒன்று, மெட்ரோவுக்கு ஒன்று. ஆனால் வெறும் வார்த்தையாகக் கொடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள், எண்ணிக்கை வேண்டும். வருகிற சனிக்கிழமை 12:15 முதல் 1:30 வரை நான்கு இடத்தில் நின்று எண்ணப் போகிறோம்: காவேரி முனை, சர்ச் ஸ்ட்ரீட் முனை, ரெஸ்ட் ஹவுஸ் ரோடு, ஓபரா ஹவுஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர், எத்தனை வண்டி, பிளாட்பாரத்தில் எத்தனை பைக். கோயம்புத்தூர் நண்பர் படிவம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் சீட் தோழி ஓபரா ஹவுஸ் பக்கம் வருகிறார், தனியாக வேண்டாம் என்று இரண்டு பேராக. இன்னும் மூன்று பேர் தேவை.

---

மீட்டர்_போடு · செவ்வாய் மதியம் 2:15

நான் வருகிறேன் அண்ணா. கூட இரண்டு டிரைவர்களைக் கூட்டி வருகிறேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் முனையில் நிற்காமல் மேயோ ஹால் பக்கம் நிற்கிறோம், எத்தனை சவாரி வருகிறது என்று நாங்களும் எண்ணிப் பார்க்கிறோம். நஷ்டமானால் ஒரு ராத்திரிதானே.

கிச்சன் தம்பி, உனக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?

---

கிச்சன்_ஷிப்ட் · செவ்வாய் மதியம் 3:00

லிங்கராஜபுரம் அண்ணா. ஆனால் எனக்கு 2:15 ஆகிவிடும்.

---

மீட்டர்_போடு · செவ்வாய் மதியம் 3:05

இருக்கட்டும், நிற்கிறேன். மீட்டர்தான்.